கனகாம்பரத்தின் மஞ்சள் இலைக்கு யூரியா மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீட்டுத்தோட்டப் பகுதியில் வாசகி ஒருவர், தொட்டியில் இருக்கும் கனகாம்பரம் இலை மஞ்சளாகிப் பூப்பதை நிறுத்திவிட்டது என்று எழுதியிருந்தார். செடிக்கு ஒரு மேசைக்கரண்டி யூரியா வைத்து நன்றாகத் தண்ணீர் விடுங்கள் என்று பதில் தரப்பட்டிருந்தது. அதோடு, புதிதாக வளர்க்க விரும்புவோர் டெல்லி கனகாம்பர விதை வாங்கித் தூவலாம் என்றும் ஒரு வரி இருந்தது. இந்த இரண்டு யோசனையும் செடியையும் பணத்தையும் வீணாக்குபவை. இதை நம்பிச் செய்து பார்த்துவிட்டு, "கனகாம்பரம் வீட்டில் நிற்காது, அது தோட்டக்காரனுக்குத்தான் வரும்" என்று பலரும் கைவிட்டுவிடுகிறார்கள். தென்னிந்தியாவும் இலங்கையும் இந்தச் செடிக்குச் சொந்த மண். ஒருமுறை வைத்தால் இரண்டு மூன்று ஆண்டுகள் ஏறக்குறைய எல்லா மாதமும் பூக்கிற செடியை நம் வீட்டு வாசலில் வளர்க்க முடியாது என்பதை ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை. அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் டெல்லி ரகம். பூக்கடையில் நாம் பார்க்கும் அகலமான இதழுள்ள ஆரஞ்சுப் பூ பெரும்பாலும் இதுதான். இது மும்மய ரகம். அதாவது உயிரணுவில் குரோமோசோம் தொகுதிகள் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கின்றன. மூன்றைச் சமமாக இரண்டாகப் பிரிக்க முடியாததால் முளைக்கும் விதை உருவாவதில்லை. நாம் சாப்பிடும் வாழைப்பழத்தில் விதை இல்லாததற்கும் காரணம் இதே மும்மயம்தான். ஆகவே "டெல்லி கனகாம்பர விதை" என்று பொட்டலத்தில் விற்பது எதுவாக இருந்தாலும் டெல்லி கனகாம்பரமாக இருக்காது. முளைத்தால் நாட்டு ரகம் வரும், இல்லாவிட்டால் எதுவுமே வராது. டெல்லி வேண்டுமென்றால் தண்டுக் குச்சி ஒன்றே வழி.

குச்சி எடுக்கும் முறை எளிது. பூங்கதிர் இல்லாத, பச்சையும் பழுப்பும் கலந்த, விரலால் வளைத்தால் ஓரளவு வளைந்து கொடுக்கிற கிளையாகப் பாருங்கள். மிக இளசானது அழுகும். முற்றி மரமானது வேர் விட மறுக்கும். நான்கு கணு வரும்படி, சுமார் 10 முதல் 12 செ.மீ. நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே கூரான கத்தியால் வெட்டுங்கள். மேலே இரண்டு இலையை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். நுனியில் மொட்டு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் குச்சி தன் சேமிப்பையெல்லாம் பூவுக்கே செலவழித்துவிடும். கழுவிய ஆற்று மணலும் தென்னைநார்க் கழிவும் சம அளவு கலந்த சிறு பையில் இரண்டு கணு புதையும்படி ஊன்றி, நிழலில் வைத்து, மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையைக் கூடாரம்போலக் கவிழ்த்தால் போதும். வேர்விடும் பொடி தொட்டு வைத்தால் நல்லது, கட்டாயமில்லை. மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். பிடித்ததா என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். புதுத் துளிர் வந்து, லேசாக இழுத்தால் எதிர்ப்புத் தெரிந்தால் வேர் இருக்கிறது என்று பொருள். அதன்பின் பையைச் சிறிது சிறிதாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்கி, ஒன்றரை மாதம் போல் ஆனதும் தொட்டிக்கு மாற்றலாம்.

விதையில் வருகிற ரகங்களும் அழகுதான். சாதாரண ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு எல்லாமே கலந்து வைத்தால் வாசலே நிறமாக இருக்கும். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா அம்பரா, அர்கா கனகா போன்ற ரகங்களை வெளியிட்டிருக்கிறது. நாட்டு ரகத்தில் விதை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கதிர் காய்ந்து காய் பழுப்பாகும்போது அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே போதும், "பட்" என்று வெடித்து உள்ளிருக்கும் நான்கு விதையும் தூரப் போய் விழும். மழையில்தான் வெடிக்க வேண்டும் என்பது செடியின் ஏற்பாடு. ஈரமான மண்ணில் விழுந்தால்தானே முளைக்கும். அதனால் விதைக்கு என்று விட்ட கதிரை, மழைக்கு முன்பாக, காலைப் பனி உலர்ந்த பிறகு வெட்டி, வாய் கட்டிய துணிப்பையில் போட்டு நிழலில் உலர்த்துங்கள். மணல் கலந்த மேட்டுப் படுக்கையிலோ தட்டிலோ மேலாக விதைத்து, விதை மறையும் அளவுக்கு மட்டும் மணலைத் தூவி, பூவாளியால் மெல்லத் தண்ணீர் விட்டால் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். நாற்று சுமார் 60 நாள் வயதில் பிடுங்கி நடப் பக்குவம். நடுவதற்கு ஆடி முதல் புரட்டாசி வரை நல்ல காலம்.

இனி மஞ்சள் இலை. இதைத்தான் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. கனகாம்பரத்தின் இலை மஞ்சளாவதற்கு ஒரே காரணம் கிடையாது. எந்த இலை, எப்படி மஞ்சளாகிறது என்று பார்க்காமல் எதையும் ஊற்றக்கூடாது.

அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் மட்டும் நரம்போடு சேர்ந்து முழுவதும் வெளுத்தால் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைவு. இந்த ஒரு நிலைக்குத்தான் தழைச்சத்து மருந்து. அதற்கும் மேசைக்கரண்டிக் கணக்கு ஆகாது. வயலில் கனகாம்பரத்துக்கு நட்ட மூன்றாம் மாதம் இடும் மேலுரப் பரிந்துரை எக்டேருக்குத் தழைச்சத்து 40 கிலோ. இரண்டடிக்கு ஓரடி இடைவெளியில் ஓர் எக்டேரில் சுமார் 55,000 செடி நிற்கும். வகுத்துப் பாருங்கள்: செடி ஒன்றுக்கு ஒரு கிராம் தழைச்சத்துகூட வராது. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. மேசைக்கரண்டி யூரியா ஏறக்குறைய 12 முதல் 15 கிராம் இருக்கும். அதில் ஐந்தாறு கிராம் தழைச்சத்து. வயலில் ஒரு செடிக்குக் கிடைப்பதைப்போல எட்டு மடங்கை, வேர் தப்பி ஓட வழியில்லாத ஒரு தொட்டிக்குள் கொட்டுகிறோம். மெல்லிய வேர்கள் கருகிவிடும். கருகாமல் தப்பினாலும் இலைதான் கொழுக்கும், கதிர் வராது. ரசாயன உரம்தான் வேண்டுமென்றால், தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 17:17:17 கலப்பு உரத்தை ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம், தண்டிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி மண்ணைக் கிளறி இட்டு மூடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். இடையில் மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட்டால் அதற்கே செடி நன்றாகப் பூக்கும்.

நுனியில் உள்ள இளம் இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சை வலைபோலத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. ஊர்ப்புறத்தைவிட நகர வீடுகளில் இது அதிகம். காரணம் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீர். தொடர்ந்து அந்தத் தண்ணீரையே விட்டால் மண்ணில் சுண்ணாம்பு ஏறி, காரத்தன்மை கூடிவிடும். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. சுற்றுச்சுவரை ஒட்டி நட்ட செடிகளுக்கும் இதே கதி. கட்டிட வேலையில் சிந்திய சிமெண்டும் சுண்ணாம்பும் அந்த மண்ணில் கலந்திருக்கும். இங்கே யூரியா போட்டால் வளர்ச்சி வேகமெடுத்து, இருக்கிற கொஞ்சம் இரும்பும் பற்றாமல் வெளுப்பு இன்னும் கூடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட், அதாவது அன்னபேதி, கரைத்து, அரை எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இரு பக்கமும் நனையத் தெளியுங்கள். 15 நாள் கழித்து மறுபடி ஒருமுறை. அன்னபேதி வெளிர்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். துருநிறமாகப் போயிருந்தால் காற்றுப்பட்டுக் கெட்டது, வாங்க வேண்டாம். கரைசலைத் தரை ஓடுகளில் சிந்தாதீர்கள், கறை போகவே போகாது. மண்ணைத் திருத்த, முடிந்தபோதெல்லாம் மழைநீர் பிடித்து ஊற்றுங்கள். மக்கிய எருவைக் கூட்டுங்கள். இப்படிப்பட்ட செடிக்கு அடுப்புச் சாம்பல் போடவே கூடாது, காரம் இன்னும் ஏறும்.

மூன்றாவது காரணம்தான் கனகாம்பரத்தின் பெரிய எதிரி. செடி முழுவதும் மந்தமாக வெளுத்து, இலை சிறுத்து, கதிர் குட்டையாகி, மண் ஈரமாக இருந்தும் மதியம் துவண்டு மாலையில் நிமிர்ந்தால் நூற்புழு, அதாவது மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்புழு, என்று சந்தேகப்படுங்கள். மண்ணின் ஓரத்தைக் கிளறி நாலைந்து மெல்லிய வேர்களை எடுத்து ஒரு கிண்ணத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். நல்ல வேர் வெளிர்நிறமாக, சீராக இருக்கும். வேர்முடிச்சு நூற்புழு தாக்கியிருந்தால் அங்கங்கே சிறு முடிச்சுகள் தென்படும். தேய்த்தாலும் உதிராது, வேரே அங்கு வீங்கியிருக்கும். இன்னொரு வகை நூற்புழு முடிச்சுப் போடாது, வேரைக் கருக்கி அழுகச் செய்யும். எதுவானாலும் அது போட்ட காயத்தின் வழியாக வாடல் நோய்ப் பூசணம் உள்ளே நுழைகிறது. அதற்கப்புறம் மாலையில்கூடச் செடி நிமிராது. தண்டின் அடியைக் கீறிப் பார்த்தால் உள்ளே பழுப்புக் கோடு ஓடியிருக்கும்.

வாசகிக்குச் சொன்ன "நன்றாகத் தண்ணீர் விடுங்கள்" என்ற யோசனை இங்கேதான் செடியைக் கொல்கிறது. மதியம் வாடுவதைப் பார்த்துத் தாகம் என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றுகிறோம். உறிஞ்ச முடியாத வேர் தண்ணீரில் நின்று அழுகுகிறது. கனகாம்பரம் சில நாள் வறட்சியைக்கூடத் தாங்கும். காலடியில் தேங்கிய நீரைத் தாங்காது. விரலை மண்ணில் இரண்டு அங்குலம் நுழைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் காலையில், வேர்ப்பகுதியில் ஊற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

நூற்புழு வந்த செடியைக் காப்பாற்றுவது அரிது. வராமல் தடுப்பதே வழி. தொட்டி மண்ணுக்குப் பழைய கத்தரி, தக்காளி, வெண்டை வளர்ந்த மண்ணை எடுக்காதீர்கள்; இந்த மூன்றும் வேர்முடிச்சு நூற்புழுவுக்கு விருந்து. ஒரு கனகாம்பரம் வாடிச் செத்த தொட்டியில் அதே மண்ணில் இன்னொன்றை வைத்தால் அதுவும் போகும். சித்திரை, வைகாசி வெயிலில் மண்ணை நனைத்து, மொட்டை மாடியில் ஒரு விரிப்பின் மேல் அரையடி உயரத்துக்குப் பரப்பி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களில் காற்றுப் போகாதபடி செங்கல் அடுக்கி நான்கு முதல் ஆறு வாரம் விட்டுவிடுங்கள். கறுப்புத் தாள் இதற்கு ஆகாது. சூட்டைத் தானே வாங்கிக்கொண்டு மண்ணுக்குக் குறைவாகவே விடும். மண் காய்ந்திருந்தாலும் பயனில்லை, ஈரச் சூடுதான் புழுவைக் கொல்லும்.

பிறகு கலவை. செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, மணல் அல்லது நன்றாகக் கழுவிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு. கழிவைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள உப்பு வேரைச் சுடும். 12 அங்குலத் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூள் கலந்து, ஈரப்படுத்தி, நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே தயார் செய்துவிடுங்கள். புண்ணாக்கு மக்கும்போது சூடு வரும். கலந்த அன்றே நட்டால் இளவேர் தாங்காது. ஒரு கிலோ மக்கிய எருவில் 50 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தைக் கலந்து, ஈரச் சாக்கு போர்த்தி நிழலில் ஒரு வாரம் வைத்திருந்து வேர்ப்பகுதியில் இட்டால் வாடல் பூசணத்துக்குக் காவல். இதை இட்ட மண்ணில் கார்பென்டாசிம் போன்ற பூசணக்கொல்லியை ஊற்றினால் நல்ல பூசணமும் சேர்ந்து செத்துவிடும்; இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தரையில் நடுபவர்கள், இடம் இருந்தால், அந்தப் பாத்தியில் முதலில் செண்டுமல்லி வைத்து, பூ ஓய்ந்ததும் வேரோடு மடக்கிவிட்டுப் பிறகு கனகாம்பரம் நடலாம். செண்டுமல்லி வேரில் சுரக்கும் பொருள் நூற்புழுவை ஒடுக்கும். பார்க்கவும் அழகு, பூஜைக்கும் ஆயிற்று.

இடம் தேர்வதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. காலை வெயில் நாலைந்து மணி நேரமும், உச்சி வெயிலுக்குக் கொஞ்சம் நிழலும் கிடைத்தால் உத்தமம். கிழக்குப் பார்த்த வாசல், தென்னை மரத்தடியில் சிதறி விழும் ஒளி இரண்டுமே ஒத்துப்போகும். முழு நிழலில் செடி நெடுநெடுவென வளரும், கதிர் கொஞ்சம்தான் வரும். அக்னி நட்சத்திர வெயிலில் இலை சுருண்டு பூவின் நிறம் மங்கும். தரையில் செடிக்குச் செடி ஓரடி, வரிசைக்கு வரிசை இரண்டடி. தொட்டி என்றால் ஒன்றுக்கு ஒரு செடிதான்.

நட்ட மூன்றாம் மாதம் பூக்கத் தொடங்கும். ஒரு கதிரில் கீழிருந்து மேலாக இரண்டு மூன்று வாரத்துக்குப் பூ விரிந்துகொண்டே போகும். ஒருநாள் விட்டு ஒருநாள், விடிகாலையில், கதிரை இடது கையால் தாங்கிக்கொண்டு பூவின் குழாயை மட்டும் மெல்ல உருவி எடுக்க வேண்டும். அவசரத்தில் இழுத்தால் பச்சை மடல் கிழிந்து மேலே இருக்கும் மொட்டுகளும் போகும். பறிக்காமல் விட்ட பூ மழைக்காலத்தில் கதிரிலேயே ஒட்டி அழுகி மொட்டுகளையும் கெடுக்கும். கனகாம்பரத்துக்கு மணம் இல்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. மணம் மல்லிகையிலிருந்து வரட்டும். நாரில் கட்டி மறுநாளும் நிறம் மாறாமல் தலையில் இருக்கிற பூ வேறு எத்தனை இருக்கிறது? ஒரு கிலோ பூ என்பது ஏறத்தாழ 15,000 பூ. அத்தனையையும் கையால் ஒவ்வொன்றாக உருவிப் பறிக்கிறார்கள் என்பது தெரிந்தால் முகூர்த்த நாளில் முழத்துக்குச் சொல்லும் விலை அதிகமாகத் தோன்றாது. வீட்டில் பத்துப் பன்னிரண்டு செடி இருந்தால் சாமி படத்துக்கும் சடைக்கும் கடைக்குப் போக வேண்டியிருக்காது.

பூத்து முடிந்த கதிரை, விதைக்கு வேண்டாமென்றால், அடியில் இருக்கும் ஜோடி இலைக்கு மேலே வெட்டிவிடுங்கள். அந்த இடத்தில் இரண்டு கிளை வரும், இரண்டிலும் கதிர் வரும். ஆண்டுக்கு ஒருமுறை கோடை தணிந்ததும் தரையிலிருந்து ஓரடி விட்டுச் செடி முழுவதையும் கவாத்து செய்து எருவிடலாம். அடைமழையில் கவாத்து வேண்டாம், வெட்டுவாய் அழுகும். மூன்றாம் ஆண்டுக்குள் செடி அடியில் மரமாகிப் பூ குறையும். அதற்குள் அதிலிருந்தே குச்சி எடுத்து அடுத்த தலைமுறையைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

பூச்சியில் மாவுப்பூச்சியும் அசுவினியும்தான் கோடையில் கதிரில் அடையும். எறும்பு ஏறுவது தெரிந்தால் அவை வந்துவிட்டன என்று அர்த்தம். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போகும். மீதிக்கு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். அன்றைய பூவைப் பறித்த பிறகு தெளியுங்கள். தலையில் வைக்கிற பூவுக்குக் கடையில் சொல்லும் கடுமையான பூச்சிமருந்துகளை வீட்டில் யாரும் அடிக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்; குழந்தைகள் முகர்ந்து பார்க்கிற பூ அது.

நாற்றுப் பண்ணைகளுக்கும் தோட்டக்கலைத் துறைக்கும் ஒரு கோரிக்கை. வீட்டுக்கு வரும் நூற்புழுவில் பெரும்பங்கு, விலை கொடுத்து வாங்கும் செடியின் பையில் உள்ள மண்ணோடுதான் வருகிறது. எத்தனை கவனமாகத் தொட்டியைத் தயார் செய்தாலும் அந்த ஒரு பிடி மண் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். வெயிலில் மூடிச் சுத்தப்படுத்திய மண்ணில் அல்லது தென்னைநார்க் கழிவில் வேர்விட வைத்த குச்சிகளை, டெல்லியா நாட்டு ரகமா என்று சீட்டு எழுதிக் கட்டி, அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளில் விற்றால் ஒரு செடிக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கொடுக்க மக்கள் தயங்கமாட்டார்கள். வாங்குபவர்களும் பையை லேசாகப் பிரித்து வேரைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். காட்ட மறுத்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

நடவுக் காலம் ஆடியில் தொடங்குகிறது. அதற்கு முன்பே, யூரியா யோசனைக்கும் டெல்லி விதை யோசனைக்கும் அதே பக்கத்தில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கூடவே, முடிச்சு விழுந்த வேரையும் நல்ல வேரையும் அருகருகே வைத்து ஒரு படம் போட்டால், கேள்வி கேட்ட அந்த வாசகி தன் செடியைப் பிடுங்குவதா, அன்னபேதி தெளிப்பதா என்று தானே முடிவு செய்துகொள்வார்.

இப்படிக்கு,
பூஞ்செடி நாற்று வளர்ப்பில் உள்ள வாசகர்,
நிலக்கோட்டை, திண்டுக்கல் மாவட்டம்.